தெர்மாகோல் தாஜ்மகாலும் ஒரு கொட்டேஷனும்

தடாவில் நாங்கள் படித்த பள்ளிக்கு எங்கள் செட் சார்பாக டிஸ்ப்ளே போர்டு போட்டுத் தருவது என்று வாட்ஸ்அப் குழுவில் முடிவாகி, கொட்டேஷனும் வந்துவிட்டது. வராந்தா சுவர் முழுக்க சாஃப்ட் போர்டு, அதன் மேல் நீல வெல்வெட் துணி, மரச்சட்டம். தலைப்பு எழுத்தெல்லாம் தெர்மாகோலில் வெட்டி ஒட்டுவார்களாம். மாடிப்படி ஓரத்திலும் இரண்டு போர்டு. எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்ட, நான் மட்டும் "இது எந்த ஃபயர் கிளாஸ்?" என்று கேட்டுத் தொலைத்தேன். வந்த பதில்: "லெஸ்டர்ல உக்காந்துக்கிட்டு ரூல்ஸ் பேசாதடா. போர்டுல என்னடா தீ?"

நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

போர்டு தானாகத் தீப்பிடிக்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பக்கத்தில் ஸ்விட்ச் போர்டு இருக்கும். ஆகஸ்ட் 15-க்கு அதே போர்டைச் சுற்றி சீரியல் செட் பல்பு ஓடும். சரஸ்வதி பூஜைக்கு அதன் அடியிலேயே விளக்கும் கற்பூரமும். எங்கேயோ பிடிக்கிற சின்னத் தீ, செங்கல் சுவரில் பட்டால் அங்கேயே நின்றுவிடும். அதே தீ செங்குத்தாக நிற்கும் துணியில் பட்டால் கீழே எரிவது மேலே இருப்பதைச் சூடாக்கிக்கொண்டே ஏறும். சாஃப்ட் போர்டு என்பது அழுத்திய மரநார். தெர்மாகோல் உருகிச் சொட்டும், சொட்டும்போதே எரியும், கரும்புகை கக்கும். குண்டூசியில் ஒரு முனை மட்டும் குத்தி காற்றில் ஆடும் சார்ட் பேப்பரோ இரண்டு பக்கமும் பற்றிக்கொள்ளும். இவ்வளவையும் பிள்ளைகள் வெளியே ஓட வேண்டிய வராந்தாவில், வரிசையாக, இடைவெளியே இல்லாமல் மாட்டுகிறோம். அழகுக்காக!

2004 ஜூலை 16. கும்பகோணம். மதிய உணவுச் சமையல் கூடத்தில் பிடித்த தீ வகுப்பறையின் கீற்றுக் கூரைக்கு ஏறி 94 குழந்தைகள் கருகிப்போனார்கள். தமிழ் தெரிந்த யாரும் அந்தத் தேதியை மறந்திருக்க முடியாது. 2014-ல் தஞ்சாவூர் கோர்ட்டு 10 பேரைக் குற்றவாளிகள் என்றது. 2017-ல் ஹைகோர்ட்டு சிலரை விடுவித்தது. வழக்கு போன போக்கு இருக்கட்டும். நாம் கற்ற பாடம் என்ன? "கீற்று கூடாது." அவ்வளவுதான். ஊர் ஊராகக் கீற்றைப் பிரித்தோம், கான்கிரீட் போட்டோம், நிம்மதியானோம். பிறகு அதே கான்கிரீட் கட்டடத்துக்குள் தெர்மாகோலில் தாஜ்மகாலும், துணியில் சுவரும், ஃப்ளெக்ஸில் வாசலும் கட்டிக்கொண்டோம். தீக்குக் கீற்றும் தெர்மாகோலும் வேறு வேறு ஜாதியா என்ன?

"அது தமிழ்நாட்டுல நடந்ததுடா, நாம ஆந்திரா" என்றும் ஒருத்தன் சொன்னான். கும்பகோணத்துப் பாடம் தடாவுக்கு வர செக்போஸ்டில் பெர்மிட் எடுக்க வேண்டுமா தம்பி? நாம் படித்தபோது நெல்லூர் மாவட்டம், 2022-லிருந்து திருப்பதி மாவட்டம். எந்த மாவட்டமானாலும் தீ ஒன்றுதான். சரி, அலங்காரத்தில் பிடித்த தீ வேண்டுமா? ஹரியானாவில் டப்வாலி. 1995 டிசம்பர் 23, பள்ளி ஆண்டு விழா. சிந்தெடிக் துணிப் பந்தல் பற்றி எரிந்து விழுந்ததில் 400 பேருக்கு மேல் செத்தார்கள், பெரும்பாலும் குழந்தைகளும் தாய்மார்களும். அங்கே கீற்றே கிடையாது.

ரூல்ஸ் பேசாதே என்றார்களே, ரூல்ஸ் நம் நாட்டிலேயே இருக்கிறது. கும்பகோணத்தை ஒட்டிப் போடப்பட்ட பொதுநல வழக்கில் 2009 ஏப்ரல் 13 அன்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. தேசியக் கட்டட விதித்தொகுப்பின் பாதுகாப்பு விதிப்படி கட்டடம் இருந்தால்தான் பள்ளிக்கு அங்கீகாரம். ஆறு மாதத்துக்குள் தீயணைப்புக் கருவி. பள்ளிக் கட்டடத்தில் எளிதில் தீப்பிடிக்கும் பொருள் இருக்கக் கூடாது. இந்த மூன்றில் நடுவில் உள்ளதை மட்டும் எல்லோரும் செய்தார்கள். சிவப்பு சிலிண்டரை வாங்கி ஆணியில் மாட்டி, பக்கத்திலேயே தெர்மாகோலையும் ஒட்டியாயிற்று!

அந்த விதித்தொகுப்பு, சுவரில் போடும் பொருள்களைத் தீ பரவும் வேகத்தை வைத்து நான்கு வகுப்பாகப் பிரிக்கிறது. சோதனை முறைக்கு ஐ.எஸ். 12777 என்று ஒரு நம்பர் உண்டு. முதல் வகுப்புப் பொருளை எங்கும் போடலாம். இரண்டாம் வகுப்பே மாடிப்படிக்கும் வராந்தாவுக்கும் ஆகாது. எங்கள் கொட்டேஷனில் அளவு இருந்தது, கலர் இருந்தது, ஜி.எஸ்.டி. கூட இருந்தது. வகுப்பு என்ற சொல்லே இல்லை.

இங்கே இங்கிலாந்தில் 2007-ல் வந்த பள்ளித் தீப் பாதுகாப்புக் கையேடு (பில்டிங் புல்லட்டின் 100) நடைபாதைப் போர்டு 3 மீட்டருக்கு மேல் அகலம் வேண்டாம், இரண்டு போர்டுக்கு நடுவே 1 மீட்டர் வெற்றுச் சுவர் விடு என்றது. தீ தாண்ட முடியாமல் நிற்கத்தான் அந்த 1 மீட்டர். அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 101 விதிப்படி, தானியங்கித் தண்ணீர்த் தெளிப்பான் இல்லாத பள்ளியில் சுவரின் 20 சதவீதத்துக்கு மேல் பிள்ளைகளின் படமும் பேப்பரும் ஒட்டக் கூடாது. தெளிப்பான் இருந்தால் 50.

கமர்ஸ் படித்தவன், கணக்குப் போடாமல் விட முடியாது. வராந்தா சுவர் 60 அடி நீளம், 10 அடி உயரம் என்று வையுங்கள். 600 சதுர அடி. 20 சதவீதம் என்றால் 120. நீளம் முழுக்க 4 அடி உயரத்துக்குப் போர்டு அடித்தால் 240. சரியாக இரண்டு மடங்கு!

வெள்ளைக்காரன் ஒசத்தி என்று சொல்ல வரவில்லை. 2017 ஜூன் 14-ல் இதே நாட்டின் தலைநகரத்தில் கிரென்ஃபெல் டவர் எரிந்து 72 பேர் செத்தார்கள். வெளிச்சுவரில் அழகுக்கு ஒட்டிய அலுமினியத் தகடுக்கு நடுவே பாலிதீன் இருந்தது. விதி புத்தகத்தில் இருந்தால் போதாது, வாங்குகிறவன் கேட்க வேண்டும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

வியாபாரியிடம் கேட்டால் "ஃபயர்ப்ரூஃப் சார்" என்பார். லைட்டரை எடுத்து ஒரு துண்டில் காட்டியும் விடுவார். நான் வங்கியில் கடன் பிரிவில் இருப்பவன். வாய்வார்த்தையை நம்பி பத்து ரூபாய் கூடக் கொடுக்க மாட்டோம். பத்திரம் யார் பேரில், எந்தச் சர்வே நம்பர் என்று பார்ப்போம். இங்கேயும் அதேதான். கையகலத் துண்டு எரியாததால் முழுச் சுவரும் எரியாது என்று ஆகிவிடாது. சோதனை அறிக்கை வெறும் போர்டுக்கா, துணியும் பசையும் சேர்ந்த போர்டுக்கா என்று பார்க்க வேண்டும். வெறும் போர்டைச் சோதித்துவிட்டு அதன் மேல் வெல்வெட் ஒட்டினால் அது வேறு சரக்கு, அந்த அறிக்கை செல்லாது.

"அப்போ பசங்க வரைஞ்சதை எங்கடா மாட்டுறது?" இதுதான் உருப்படியான கேள்வி. என் யோசனை:

1. வகுப்பறைக்குள்: சிமெண்ட் சுவரிலேயே போர்டு பெயிண்ட் அடித்து, மேலே கம்பி கட்டி கிளிப்பில் படங்களை மாட்டலாம். பேப்பரும் எரியும்தான், அதனால் அளவோடு. மாதம் ஒருமுறை கழற்றி, வரைந்த பிள்ளையிடமே கொடுத்துவிட்டு அடுத்த பிள்ளைக்கு இடம் விடலாம்.

2. வராந்தாவில்: கண்ணாடிக் கதவு போட்ட சின்ன நோட்டீஸ் பெட்டிகள், நடுவே வெற்றுச் சுவர். சட்டம் அலுமினியம். பழவேற்காடு ஏரியின் உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும். சாஃப்ட் போர்டோ ஈரம் ஏறி உப்பும், கரையானும் வரும். தீயை விட்டுவிட்டுப் பார்த்தாலும் அது நஷ்டக் கணக்கு.

3. மாடிப்படியில்: ஒன்றும் வேண்டாம். ஒன்றுமே.

4. தலைப்பு எழுத்துக்கு: ஃப்ளெக்ஸ் வந்து பிழைப்புப் போன போர்டு ஆர்ட்டிஸ்ட் எல்லா ஊரிலும் இருக்கிறார். கூப்பிட்டுச் சுவரில் எழுதச் சொல்லுங்கள். தெர்மாகோல் ஒவ்வொரு வருடமும் செலவு. பெயிண்ட் பல வருடம் நிற்கும்.

5. எது வாங்கினாலும் பில்லில் ஒரு வரி: "ஐ.எஸ். 12777, முதல் வகுப்பு, துணி பசை உட்பட". கூடவே என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தின் அறிக்கை நகல். தர முடியாது என்றால் அடுத்த கடை.

இதில் எதுவும் ராக்கெட் சயின்ஸ் இல்லை (அது பக்கத்தில் ஸ்ரீஹரிகோட்டாவில் நடக்கிறது). போர்டை சதுர அடிக் கணக்கில் பேரம் பேசத் தெரிந்த கரஸ்பாண்டெண்டுக்கு, கமிட்டிக்கு, பழைய மாணவர்களுக்கு, இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்கத் தெரிய வேண்டும். பெற்றோருக்கும் அதே. ஃபீஸ் கட்டப் போகும்போது வராந்தாவில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். உங்கள் பிள்ளை வெளியே ஓடி வரும் வழியில், எரியக்கூடியது எத்தனை அடி மாட்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். எண்ணிய கையோடு ஹெட்மாஸ்டர் அறைக்குள் போய்ச் சொல்லுங்கள்.

டிஸ்கி: நான் பி.காம்., தீயணைப்பு நிபுணன் இல்லை. ஆர்டர் கொடுக்கும் முன் பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். வெல்வெட்டுக்கு என் பங்கு காசு வராது. கண்ணாடிப் பெட்டிக்கு என்றால் இரண்டு பங்கு தருகிறேன்.