பத்திரிகைக்கு ஒரு தர்மசாசனம்

ராயப்பேட்டை மணிக்கூண்டைத் தாண்டித் திரு.வி.க. நெடுஞ்சாலையில் நடக்கும்போதெல்லாம், வெஸ்லி பள்ளியில் தமிழாசிரியராக இருந்து, அந்த உத்தியோகத்தைத் துறந்து, 1917-இல் 'தேசபக்த'னுக்கு ஆசிரியராகி, 1920-இல் 'நவசக்தி'யைத் தொடங்கிய அந்தப் பெரியவரின் ஞாபகம் என்னை விட்டு அகல்வதில்லை. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வரிவரியாகக் கோத்து, கட்டி முடுக்கி, மை தடவிப் படி எடுத்த காலத்தில், இந்தப் பேட்டையிலேயே அவருடைய சாது அச்சுக்கூடம் இயங்கிற்று. தொழிலாளர் சங்கத்தில் பேசியதை மறுநாள் பத்திரிகையில் எழுதவும், எழுதியதன்படி வாழவும் அவருக்குத் தைரியம் இருந்தது. ஆனால் பொருள் இல்லை.

1923-இல் அந்த 'நவசக்தி'யில் உதவியாசிரியராகச் சேர்ந்த இளைஞரே பிற்காலத்துக் கல்கி. 1928-இல் எஸ்.எஸ். வாசன் விலைக்கு வாங்கிய 'ஆனந்த விகட'னுக்கு அவர் ஆசிரியரானார். 1941-இல் சதாசிவத்தோடு கூடித் தம் புனைபெயரிலேயே ஒரு வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். பெயரிலுள்ள எட்டு எழுத்துக்கு எழுத்தொன்றுக்கு 25 ரூபாய் என்று, 200 ரூபாய்க்கு விகடனை வாசன் வாங்கினார் என்பார்கள். அந்தச் சிறு முதல் ஜெமினி ஸ்டூடியோ அளவுக்கு விருட்சமாக வளர்ந்தது. ராயப்பேட்டையில் கற்ற எழுத்தும் வாசனின் வியாபார சாமர்த்தியமும் சந்தித்ததால் விளைந்த பலன் அது என்பது என் அபிப்பிராயம்.

திரு.வி.க.வின் 'நவசக்தி' இன்று இல்லை. 'கல்கி'யும் 2020-இல் அச்சை விட்டு இணையத்துக்குப் போய்விட்டது. விகடன் நிற்கிறது. 1987-இல் ஓர் அட்டைப்பட நகைச்சுவைக்காகச் சட்டமன்றம் அதன் ஆசிரியர் பாலசுப்பிரமணியனைச் சிறைக்கு அனுப்பியபோதும் அது பணியவில்லை. அந்த உறுதி ஒரு மனிதருடைய சுபாவத்திலிருந்து பிறந்தது. அவருக்குப் பின் வருகிறவர்களுக்கும் அது இருக்கும் என்பதற்குச் சாசனம் ஏதும் இல்லை.

அத்தகைய சாசனத்தை நார்வேக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இன்று ஓஸ்லோ எனப்படும் நகரில் 1839-இல் கிறிஸ்டியன் ஷிப்ஸ்டெட் என்பவர் தொடங்கிய அச்சுக்கூடம், 1860-இல் 'ஆஃப்டன்போஸ்டன்' பத்திரிகையை ஈன்று, 1966-இல் 'வி.ஜி.'யை வாங்கி, 1992-இல் பங்குச் சந்தையில் ஏறியது. அங்கே ஏறிய கம்பெனியை யார் வேண்டுமானாலும் வாங்கலாமே என்று அஞ்சிய அக்குடும்பத்தின் டினியஸ் நாகெல் எரிக்சன், 1996-இல் ஓர் அறக்கட்டளையை நிறுவி, கால் பங்குக்கு மேற்பட்ட பங்குகளை அதனிடம் ஒப்படைத்து, பத்திரிகைகளின் சுதந்திரத்தைக் காப்பதையே அதன் தர்மமாக விதித்தார். வரி விளம்பரங்கள் காகிதத்தை விட்டு இணையத்துக்கு ஓடிய காலத்தில் கம்பெனியும் தானே இணையச் சந்தை நடத்தி அந்த வருமானத்தைப் பிடித்துக்கொண்டது. சந்தைத் தொழிலும் செய்தித் தொழிலும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாகாது என்ற நிலை வந்தபோது, 2024-இல் அந்த அறக்கட்டளையே செய்திப் பகுதி முழுவதையும் விலைக்கு வாங்கித் தன்வசம் வைத்துக்கொண்டது.

கோயிலுக்கு நிலம் எழுதி வைத்தார்கள் நம் முன்னோர்; விளக்கெரிய எண்ணெய்க்கும், சத்திரத்துச் சோற்றுக்கும், பாடசாலைக்கும் சாசனம் வெட்டினார்கள். பத்திரிகைக்கு எழுதி வைத்தவர் நம்மில் யார்? வாரிசுகள் பிரிந்தாலும், கடன் நெருக்கினாலும், ஆட்சியில் இருப்பவர் கோபித்தாலும், ஆசிரியரின் பேனாவை எவரும் பறிக்க முடியாதபடி, பங்குகளில் ஒரு பகுதியை விற்க முடியாத அறக்கட்டளைச் சொத்தாக்கி வைக்குமாறு தமிழ்ப் பத்திரிகை அதிபர்களை வேண்டிக்கொள்கிறேன். கம்பெனி செழிப்பாக இருக்கும்போதே அதை எழுதுங்கள். நொடித்த பிறகு எழுதி வைப்பதற்குக் கையில் ஒன்றும் இராது.