வீட்டுத் தோட்டம்: உள்ளி மணக்கும் ஊதாப் பூ

வாசகி ஒருவர் எழுதுகிறார்: "தோழி கொடுத்த உள்ளிப்பூச் செடி நான்கு ஆண்டுகளாகச் சாடியில் நிற்கிறது. இலை மண்டியிருக்கிறதேயன்றி ஒரு பூவேனும் இல்லை. நாற்றம் பிடித்த செடியை எறிந்துவிடும்படி மாமியார் சொல்கிறார். நான் என்ன செய்வது?"

சகோதரி, எறிய வேண்டா. குற்றம் செடியினுடையதன்று.

இதன் தாயகம் தென்னாபிரிக்கா. தாவர நூலார் இதனைத் துல்பாகியா வயலேசியா என்பர். நம் கரையோரங்களை ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில், 1751 முதல் 1771 வரை அவர்களுடைய நன்னம்பிக்கை முனைக் குடியேற்றத்தின் தேசாதிபதியாக விளங்கிய துல்பாக் என்பவரின் பெயரையே லின்னேயசு இவ்வினத்துக்குச் சூட்டினார்.

இது வெயிலை விரும்பும் செடி. நிழலில் இலை செழிக்கும், பூ அருகும். ஆதலின் நாளொன்றுக்கு 6 மணி நேரமாவது வெயில் படுமிடத்தில் வையுங்கள். மற்றொரு காரணம் நெருக்கம். கிழங்குகள் ஆண்டுதோறும் பெருகிச் சாடியை நிறைத்துவிடும். செடியை வெளியே எடுத்து, ஒவ்வொரு கூறிலும் வேரும் தளிரும் இருக்குமாறு நாலைந்தாகப் பிரித்து நடுங்கள். 2 பங்கு தோட்ட மண்ணுடன் மணலும் மக்கிய எருவும் ஒவ்வொரு பங்கு கலந்தாற் போதும். சாடியின் அடியில் துளை இருத்தல் அவசியம். நீர் தேங்கினாற் கிழங்கு அழுகும். மேல்மண் உலர்ந்த பின்னரே நீர் ஊற்றுக. நிலத்தில் நடுவோர் ஓரடி இடைவெளி விடுக. பிரித்தவுடன் பூக்கவில்லையே என்று கலங்காது சில மாதங்கள் பொறுத்திருங்கள்.

இனி, நாற்றம். இலை கசங்கும்போதே உள்ளி நெடி எழும். பூவோ மெல்லிய இனிய மணமுடையது. எனவே ஆட்கள் உரசிச் செல்லும் வாசலருகே வையாது, குசினிப் பக்கத்தில் வையுங்கள். தென்னாபிரிக்காவில் இதன் இலையையும் பூவையும் உணவிற் சேர்ப்பர். சூலு மக்கள் பாம்பு அணுகாதென்று வீட்டைச் சுற்றி நடுவதுமுண்டு. அது நம்பிக்கையே, முற்றத்தைத் துப்புரவாக வைத்திருப்பதே நமக்குக் காவல்.

ஓர் எச்சரிக்கை: மழை லில்லியின் இலையும் ஏறத்தாழ இவ்வாறே தோன்றும்; அது நஞ்சுடையது, உள்ளி மணமும் அற்றது. இரண்டையும் ஒரே சாடியில் நடாதீர்கள். சிறிதேனும் ஐயமிருப்பின் உண்ணாதீர்கள்.

நீண்ட தண்டின் நுனியில் ஊதாப் பூக்கள் குடைபோல் விரியும் அன்று, முதலில் மாமியாரை அழைத்துக் காட்டுங்கள். மிஞ்சிய கூறுகளை அயலவருக்குக் கொடுங்கள். தோழி தந்த செடிக்கு அதுவே தக்க நன்றி.