குடற்புற்றும் காஞ்சி நெசவாளரும்

1923-ம் வருஷத்தில் ஓர் இளம் பெண் மாண்டாள். அவளைப் பற்றிய நோய் சீதபேதியென்றே முதலில் கருதப்பட்டது. உண்மையில் அது மலக்குடலில் உண்டான புற்று. அப்பெண்ணின் தமக்கை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. வைத்தியம் கற்ற தமக்கை அருகிலிருந்தும் நோயின் மெய்யான பெயர் காலத்தில் தெரியவில்லை. அத்துயரமே 1954-ல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளுடன் ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரியாக உருக்கொண்டது என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள்.

நூறு வருஷங்கள் கழிந்துவிட்டன. அன்று சீதபேதி என்றார்கள். இன்று மூலம் என்கிறார்கள். காஞ்சியில் குழித்தறியில் அமர்ந்து நாள் முழுதும் பட்டு நெய்பவர், மலத்துடன் இரத்தம் கண்டால், உட்கார்ந்த உழைப்பினால் வந்த சூடு என்று கருதி மோரும் வெந்தயமும் உட்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பது இயல்பு. அவரைக் குறைகூறுதல் எளிது. கூலி புடவைக் கணக்கில் வரும்போது, ஆஸ்பத்திரி வாயிலில் கழியும் ஒவ்வொரு பகலும் தறி ஓயும் பகலன்றோ? அந்நகரின் காரைப்பேட்டையில் சர்க்கார் புற்றுநோய் ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. காஞ்சியிலே பிறந்து, புற்றுநோயாலேயே 1969 பிப்ரவரி 3-ந் தேதி மறைந்த சி. என். அண்ணாத்துரையின் பெயரை அது தாங்கி நிற்கிறது. ஆஸ்பத்திரி அருகிலிருந்தும் நோயாளி தாமதித்து வருவாராயின், ஆராய வேண்டிய விஷயம் வேறெங்கோ இருக்கிறது.

இந்நோயில் வைத்தியர்கள் பெரிதும் கவனிக்கும் ஒரு புரதப் பொருள் உண்டு. 1965-ல் கானடா தேசத்து மான்ட்ரியல் நகரில் பில் கோல்டு, சாமுவேல் ப்ரீட்மன் என்னும் இருவர் அதனைக் கண்டனர். கருவிலிருக்கும் சிசுவின் குடலில் உண்டாகி, பிறப்பதற்குள் பெரும்பாலும் அடங்கிவிடும் அப்புரதம், குடலில் புற்று தோன்றினால் மறுபடி தலைகாட்டுகிறது. அதன் பெயரைச் சுருக்கி சி.இ.ஏ. என்பார்கள். இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் வரை சாதாரண அளவாகக் கொள்ளப்படுகிறது. நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு! ரணசிகிச்சைக்கு முன்பே இவ்வளவு மிகுந்திருப்பின், நோய் திரும்பும் அபாயம் அதிகம் என்று கொள்ளலாம். சிகிச்சைக்குப்பின் சில வாரங்களில் அது தாழாவிடில், உள்ளே எச்சம் இருக்கிறதோ என்று ஐயுற வேண்டும். தாழ்ந்த பின் மீண்டும் ஏறுமாயின், பெரும்பாலும் ஈரலையே முதலில் சோதிப்பார்கள். ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, பொன் எவ்வளவு என்று கண்ணால் மதிக்க இயலாதென்பது காஞ்சியில் குழந்தையும் அறிந்த செய்தி. அதற்கென்று சோதனை உண்டு, இதற்கும் அப்படியே.

ஆனால் இதன் பெயரால் நடக்கும் வியாபாரத்தை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. உடம்பு முழுவதையும் சோதிப்பதாகக் கூறும் விளம்பரங்களில் இப்பரிசோதனையையும் கோத்து, நோயற்றவரிடம் பணம் பறிப்பது தகாத செய்கை. புகை பிடிப்பவரிடமும் ஈரல் கெட்டவரிடமும் இப்புரதம் மிகுந்திருக்கக்கூடும். மாறாக, புற்றிருந்தும் இரத்தம் வாளாவிருக்கும் நோயாளிகளும் உண்டு. நோயைத் தேடிக் கண்டுபிடிக்க இது உதவாது. கண்ட நோய் செல்லும் வழியை அறியவே உதவும்.

இன்னும் நான்கு புரதங்கள் இரத்தத்தில் அல்ல, வெட்டியெடுத்த கட்டியிலேயே காணத்தக்கவை: எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2. உயிரணுவின் பிழைகளைத் திருத்துவது இவற்றின் தொழில். இவற்றில் ஒன்று இல்லையெனில், இரண்டாம் நிலையிலுள்ள நோயாளிக்கு வருங்காலம் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். வழக்கமான ப்ளூரோயுராசில் மருந்தைத் தனியே கொடுப்பதால் அவருக்குப் பயன் தோன்றுவதில்லை. அன்றியும், குறை பரம்பரையாக வந்ததாயின், உடன்பிறந்தாரையும் மக்களையும் அழைத்து, குழாய்க் கருவியால் பெருங்குடலைப் பார்த்தல் அவசியம். ஒரே வீட்டில் தந்தையும் மகனும் தறியில் அமரும் ஊரில் இது சிறிய விஷயமன்று.

எதிர்காலத்தை அறிந்து என்ன பயன் என்று சிலர் கேட்பார்கள். இங்கிலாந்தில் 1,202 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஓர் ஆராய்ச்சி 2014-ல் வெளிவந்தது. கேட்டு வந்தால் மட்டும் கவனித்தவர்களில், திரும்பிய நோயை அடியோடு அகற்றும் நோக்குடன் ரணசிகிச்சை செய்ய முடிந்தது நூற்றுக்கு ஏறக்குறைய இருவருக்கே. இரத்தத்தை அடிக்கடி சோதித்தவர்களில் ஆறு ஏழு பேருக்கு முடிந்தது. ஆயுள் நீண்டது என்று அந்த ஆராய்ச்சி நிரூபிக்கவில்லை. அதை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று. எனினும் வாய்ப்பு அதிகரித்தது உண்மை. அவ்வாய்ப்பு கையில் பணமுள்ளவருக்கு மட்டும் கிட்டுவானேன்?

முதல் இரண்டு வருஷம் மூன்று முதல் ஆறு மாதத்திற்கு ஒரு முறையும், பின் ஐந்தாம் வருஷம் வரை ஆறு மாதத்திற்கு ஒரு முறையும் இரத்தம் பார்க்கவேண்டும் என்பது விதி. பட்டணவாசிக்கு எளிது. வலியில்லாத மனிதன், ஒரு துளி இரத்தத்திற்காகக் கூலியை இழந்து வரிசையில் நிற்பானா? நில்லான், நாமும் நில்லோம். ஆகவே இரத்தமே ஆஸ்பத்திரிக்குச் செல்லட்டும், மனிதன் தறியில் இருக்கட்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் ஏற்பாட்டில், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரைகள் வீட்டு வாயிலுக்கே சென்றன. மாத்திரை வந்த வழியில் ஊசியும் சிறு குப்பியும் செல்லுதற்குத் தடை யாது?

2016-ல் மத்திய சர்க்கார் வகுத்த பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பு, கருப்பை வாய் ஆகிய மூன்றின் புற்றுகள் மட்டுமே இடம்பெற்றன. குடற்புற்று மேனாடுகளைப்போல் இங்கு மிகுதியில்லை என்பது மெய். ஆதலின் ஜனங்கள் யாவரையும் சோதிக்கும்படி நாம் கேட்கவில்லை. நாம் கேட்பது சொற்பம். மலத்தில் இரத்தம் என்று வரும் எவரையும் விரலாலேனும் பரிசோதியாமல் மூல மருந்து கொடுத்தனுப்பலாகாது என்று ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு உத்தரவு பிறக்கவேண்டும். ரணசிகிச்சை பெற்ற ஒவ்வொருவருடைய புரதக் கணக்கும் ஒரு சிறு புத்தகத்தில் பதியப்பெற்று அவர் கையிலேயே இருக்கவேண்டும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள், கூலி பட்டுவாடா செய்யும் நாளில் தம் அங்கத்தினருக்காக இரத்தம் எடுக்க ஓர் அறையை ஒழித்துத் தரட்டும். சங்கத் தலைவர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம். அதற்குச் சர்க்காரின் அனுமதி வேண்டியதில்லை.