விளக்கு அணைந்தால் கோளாறு தீர்ந்ததா?



இட்லி மாவு புளிப்பதையும், பிள்ளைக்குச் சளி பிடிப்பதையும் எழுதிக்கொண்டிருந்த நான் இந்தத் தடவை கார் விஷயம் எழுத உட்கார்ந்ததும், "உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று இவரே சிரித்தார். காரில் போகிறவர்கள் நாமும் நம் பிள்ளைகளும்தானே! அதனால் எழுதத்தான் போகிறேன்.

போன மாதம் மூத்தவளையும் அவள் கைக்குழந்தையையும் கோவில்பட்டியில் மாப்பிள்ளை வீட்டில் கொண்டுபோய் விடவேண்டியிருந்தது. சம்பந்தி வீட்டில் நாள் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். பழங்காநத்தத்திலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். எங்களுடையது செகண்ட்ஹேண்டில் வாங்கிய கார். கிளம்ப நாலு நாள் இருக்கும்போது, ஸ்டியரிங்குக்கு முன்னால் உள்ள மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு முன்னால் ஒரு பந்து. ஏர்பேக் விளக்காம் அது.

ஏர்பேக் என்பது ஸ்டியரிங்குக்குள்ளும் முன் சீட்டுக்கு எதிரிலும் மடித்து வைத்திருக்கும் காற்றுப் பை. கார் பலமாக மோதினால் சென்சார்கள் சொல்ல, ஒரு கன்ட்ரோல் பெட்டி அதை விரிக்கிறது. ஒரு விநாடியை இருபது பங்காக்கினால் அதில் ஒரு பங்கு நேரத்துக்குள் விரிந்துவிடும். நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல் புதுக் கார்களில் டிரைவருக்கும், 2022 ஜனவரி முதல் பக்கத்து சீட்காரருக்கும் இது கட்டாயம்.

சாவியைத் திருப்பியதும் அந்தப் பெட்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். அதற்காகத்தான் விளக்கு சில விநாடி எரிந்து அணைகிறது. அணையாமல் நின்றால் எங்கேயோ கோளாறு. விபத்து நேரத்தில் பை விரியாமல் போகலாம் என்று அர்த்தம்.

பக்கத்து மெக்கானிக்கிடம் போனோம். ஸ்கேனர் கருவியின் வயரை டேஷ்போர்டுக்கு அடியில் சொருகி எதையோ அழுத்தினார். விளக்கு போய்விட்டது. "எர்ரரை அழிச்சாச்சுக்கா, தைரியமாப் போங்க" என்றார். ரவுண்டானா தாண்டுவதற்குள் மறுபடி எரிந்தது! திரும்பிப் போனோம். மறுபடி அழித்தார். மறுநாள் காலையில் மறுபடி அதே சிவப்பு. "சென்சார் போயிருச்சுக்கா, பதினஞ்சாயிரம் ஆகும். இல்லாட்டி பல்பைக் கழட்டி விட்டுர்றேன், தொந்தரவே இல்ல" என்றார். இவர் கொஞ்சம் யோசிக்கத்தான் செய்தார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பேத்தி போகிற வண்டி அல்லவா?

என் தம்பி சொல்லி, பைபாஸ் ரோட்டில் ஒரு பெரியவரிடம் போனோம். வண்டி எலெக்ட்ரிக் வேலையிலேயே தலை நரைத்தவர். அவரிடமும் ஸ்கேனர் இருந்தது. ஆனால் அதை எடுக்கும் முன்னால் என்னைத்தான் கேட்டார்: "எப்ப இருந்தும்மா எரியுது? அதுக்கு முந்தி வண்டியில என்ன செஞ்சீக?"

யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை, சீர் கொடுக்க எடுத்துவந்த பித்தளைப் பாத்திரப் பையை ஆடாமல் இருக்கட்டும் என்று முன் சீட்டுக்கு அடியில் திணித்தேன். எடுக்கும்போது எதிலோ மாட்டியது. பலமாக இழுத்துத்தான் எடுத்தேன். அதற்கு மறுநாள்தான் விளக்கு!

ஸ்கேனரைப் போட்டு, அழிக்காமல் முதலில் படித்தார். பக்கத்து சீட் பக்கத்து இணைப்பில் மின்தடை அதிகம் என்று காட்டியது. "இது எந்தப் பக்கம்னு சொல்லும், எது கெட்டுச்சுன்னு சொல்லாது. அதை நாமதான் தேடணும்" என்றார். டார்ச் அடித்துப் பார்த்தால், சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் ஒன்று பாதி கழன்று நின்றது. குலுங்கும்போது ஒட்டும், விலகும். அதனால்தான் விளக்கும் அணைந்து அணைந்து எரிந்திருக்கிறது.

சாவியை எடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, அவர் டீ குடிக்கப் போய்விட்டார். கரண்டை நிறுத்தினாலும் அந்தப் பெட்டிக்குள் கொஞ்சம் மின்சாரம் சேமிப்பில் இருக்குமாம். அது வடிய வேண்டுமாம். வந்து கனெக்டரைச் சுத்தம் செய்து, 'க்ளிக்' என்று பூட்டினார். பிறகுதான் எர்ரரை அழித்தார். சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தி, என்னை உட்கார வைத்து, நாலைந்து தடவை ஸ்டார்ட் செய்து பார்த்தார். விளக்கு வரவில்லை.

"காய்ச்சல் அடிக்கிற பிள்ளைக்குத் தெர்மாமீட்டரை உதறினா பாதரசம் இறங்கும். காய்ச்சல் இறங்குமா தாயி?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இரண்டு தடவை காசு கொடுத்துத் தெர்மாமீட்டரைத்தானே உதறிவிட்டு வந்திருக்கிறோம்!

இன்னொன்றும் கேட்டேன். ஏ.சி. நன்றாக வரும் என்று மகள் பிள்ளையை மடியில் வைத்து முன்னால் உட்காருவதாக இருந்தாள். அவர் பதறிவிட்டார். "அந்தப் பை அடிக்கிற அடியை மடியில இருக்கிற பிள்ளை தாங்காதும்மா. விளக்கு எரியுது, விரியாதுன்னும் நம்பக் கூடாது. பிள்ளைக்குப் பின்னாடிதான் இடம்" என்றார். தெரிந்த வீட்டில் கைக்குழந்தை சீட் இரவல் வாங்கி, பின் சீட்டில் பெல்ட் போட்டுக் கட்டினோம். பேத்தி கப்பலூர் டோல்கேட் தாண்டும் முன் தூங்கிவிட்டாள். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் கூட்டிப்போனால் 1000 ரூபாய் அபராதம் என்று 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டமே சொல்கிறது.

இனி, நாம் நினைவில் வைக்கவேண்டியவை:

* விளக்கு எப்போது எரிய ஆரம்பித்தது, அதற்கு முன் என்ன செய்தோம் என்று எழுதி வையுங்கள். சீட்டுக்கு அடியில் சாமான் திணித்தது, உள்ளே தண்ணீர் ஊற்றிக் கழுவியது, எலி கடித்தது, பேட்டரி இறங்கியது, எல்லாமே காரணமாகலாம்.

* எர்ரரை அழிக்கும் முன் திரையை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அழித்த பின், "எதைச் சரிசெய்தீர்கள்?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் வேலை நடக்கவில்லை.

* போனோடு சேர்க்கும் மலிவுக் கருவிகளில் பல, என்ஜின் கோளாறை மட்டுமே படிக்கும். அதில் ஒன்றும் காட்டவில்லை என்பதால் ஏர்பேக் நன்றாக இருக்கிறது என்று எண்ணவேண்டாம்.

* மஞ்சள் வயர், மஞ்சள் கனெக்டரை வீட்டில் யாரும் தொடவேண்டாம். டெஸ்டர் வைத்துப் பார்ப்பதும் கூடாது. சிறு மின்சாரமே பையை வெடிக்க வைக்கும்.

* பழைய கார் வாங்கும்போது, சாவி திருப்பியதும் அந்த விளக்கு எரிந்து அணைகிறதா பாருங்கள். எரியவே இல்லையென்றால் யாரோ அதன் வாயை அடைத்திருக்கிறார்கள்.

* விளக்கு காட்டாத குறையும் உண்டு. டகாட்டா என்ற ஜப்பான் கம்பெனியின் ஏர்பேக்கில் இருந்த வேதிப்பொருள் வெயிலிலும் ஈரப்பதத்திலும் கெட்டு, உலோகத் துண்டுகள் தெறித்து உலகில் பலர் இறந்தார்கள். கோடிக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தார்கள். நம் நாட்டுக் கார்களும் அதில் உண்டு. சேஸிஸ் நம்பரைச் சொல்லிக் கார் கம்பெனியில் விசாரித்துவிடுங்கள்.

* ஏர்பேக் சீட் பெல்ட்டுக்குத் துணைதான். பெல்ட்டை விட்டுவிடாதீர்கள்.

அந்தப் பித்தளைப் பாத்திரங்கள் டிக்கியில்தான் கோவில்பட்டி போய்ச் சேர்ந்தன. உங்கள் வீட்டு வண்டியிலும் முன் சீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று இன்றே ஒரு தடவை குனிந்து பாருங்கள், சகோதரிகளே. அடுத்த இதழில் சந்திப்போம்.