ரூபாய் விழுந்தால் நமக்கென்ன கொண்டாட்டம்?



வளைகுடாவில் உழைக்கும் நம் இளைஞர்களிடம் ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. இந்திய ரூபாய் சரிந்தது என்ற செய்தி வந்தால் போதும், 'ரேட் ஏறிடுச்சு' என்று முகம் மலர்கிறார்கள். பணம் அனுப்பும் கடைகளில் கூட்டம் முண்டியடிக்கிறது. ஊரில் குடும்பத்தாரும் சேர்ந்து மகிழ்கிறார்கள். இது மகிழ வேண்டிய செய்திதானா? கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

அங்கே ஓடியது நம் ரூபாய்!

இன்று திர்ஹம், ரியால், தினார் என்று எண்ணுகிறோமே, அந்த மண்ணில் ஒரு காலத்தில் புழங்கியது எந்தப் பணம் தெரியுமா? இந்திய ரூபாய்! குவைத், பஹ்ரைன், கத்தர், துபாய், அபுதாபி, மஸ்கட் சந்தைகளில் நம் நோட்டைக் கொடுத்துத்தான் பொருள் வாங்கினார்கள்.

அதைக் கெடுத்தது தங்கக் கடத்தல். உலகச் சந்தையைவிட இந்தியாவில் தங்கத்தின் விலை மிக அதிகம். கடத்தி வந்து விற்றவர்கள் ரூபாயை மூட்டை கட்டி வளைகுடாவுக்குக் கொண்டு போனார்கள். அது அங்குள்ள வங்கிகள் வழியே திரும்பி வந்து, பதிலுக்கு ஸ்டெர்லிங் பவுனைக் கேட்டது. நாட்டின் அந்நியச் செலாவணி கரைந்தது. 1959-இல் அரசு விழித்துக்கொண்டு, வளைகுடாவுக்கு மட்டும் வேறு நிறத்தில் தனி நோட்டு அடித்தது. ஹஜ் பயணிகளுக்கென்றும் 10 ரூபாய், 100 ரூபாயில் தனி நோட்டுகள் வந்தன. மதிப்பு மட்டும் ஒன்றுதான். அங்கே ஒரு ரூபாய் என்றால் இங்கேயும் ஒரு ரூபாய்.

பிறகு ஒவ்வொரு நாடாக விலகியது. 1961-இல் குவைத் தினார், 1965-இல் பஹ்ரைன் தினார் பிறந்தன. 1966 ஜூன் 6 அன்று இந்திரா காந்தி அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. 4 ரூபாய் 76 பைசாவாக இருந்த டாலர் ஒரே நாளில் 7 ரூபாய் 50 பைசா ஆனது. டெல்லி எடுக்கும் முடிவுக்கு எங்கள் பணம் ஏன் பலியாக வேண்டும் என்று மற்றவர்களும் ஒதுங்கிக்கொண்டார்கள். கத்தரும் துபாயும் சேர்ந்து புது ரியால் வெளியிட்டன. அபுதாபி பஹ்ரைன் தினாருக்குப் போனது. கடைசியாக ஓமன் 1970-இல் மாறியது.

இனிதான் கவனிக்க வேண்டிய இடம். கத்தர்-துபாய் ரியாலுக்கு வைத்த மதிப்பு, குறைப்புக்கு முந்தைய பழைய ரூபாயின் மதிப்பு. 1973-இல் வந்த அமீரக திர்ஹம் அந்த ரியாலுக்குச் சமமாகவே வந்தது. அதாவது திர்ஹம் நம் பழைய ரூபாயின் வாரிசு! 1966-இல் அந்த ரியாலுக்கு நாம் கொடுத்தது சுமார் 1 ரூபாய் 57 பைசா. 1991 ஜூலையில் ரூபாய் மீண்டும் இரண்டு தவணையாகக் குறைக்கப்பட்டது. 1993-இல் டாலர் 31 ரூபாயைத் தாண்டியபோது திர்ஹம் சுமார் எட்டரை ரூபாய். 2022 அக்டோபரில் டாலர் 83-ஐத் தொட்டபோது திர்ஹம் சுமார் இருபத்திரண்டரை ரூபாய்.

திர்ஹமா ஏறியது?

இல்லை. 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம் என்று கட்டி வைத்திருக்கிறார்கள். ஏணியில் ஏறியது அவர்கள் அல்ல. கீழே இறங்கியது நாம்.

1993-இல் ஆயிரம் திர்ஹம் சம்பளத்துக்குப் போன ஒருவர் ஊருக்கு அனுப்பினால் எட்டாயிரத்து ஐந்நூறு. அதே ஆயிரம் 2022-இல் இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறு. 'வருமானம் கூடிவிட்டது' என்கிறார்கள். எங்கே கூடியது? முதலாளி ஒரு திர்ஹம்கூட ஏற்றித் தரவில்லையே! அங்கே அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் திர்ஹமில்தான் ஏறின. சம்பளம் உயராததை இந்த 'ரேட்' மூடி மறைக்கிறது. கேட்க வேண்டிய உரிமையை நாம் கேட்காமல் இருப்பதற்கு ரூபாயின் வீழ்ச்சி தாலாட்டுப் பாடுகிறது!

இங்கே என்ன நடக்கிறது? பெட்ரோல், சமையல் எண்ணெய், தங்கம் எல்லாம் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருபவை. ரூபாய் விழுந்தால் அவற்றின் விலை ஏறும். கூடுதலாக வந்த பணம் மளிகைக் கடையிலும் நகைக் கடையிலும் கரைந்துவிடுகிறது. வளைகுடாவில் ஆளில்லாத ஏழை வீடு என்ன செய்யும்? அதற்கு விலை மட்டும்தான் ஏறுகிறது. பக்கத்து வீட்டின் கண்ணீரில் நமக்கு என்ன கொண்டாட்டம்?

'ஏற்றுமதி வியாபாரிக்கு லாபம்தானே?' என்று கேட்பார்கள். ஆம்பூர், வாணியம்பாடி தோல் வியாபாரிக்கு டாலர் ஏறினால் ஓரளவு ஆதாயம்தான். ஆனால் அவர் இறக்குமதி செய்யும் ரசாயனத்துக்கும் அதே டாலரைத்தானே கொடுக்க வேண்டும்? வெளிநாட்டுச் சரக்கை வாங்கி விற்கும் சிறு வியாபாரிக்கோ நட்டம் மட்டுமே.

இளைஞர்களே! அங்கே இருக்கும்வரை ரூபாயின் ஒவ்வொரு சரிவும் உங்களுக்குப் பரிசாகத் தெரியும். முடித்துக்கொண்டு ஊர் திரும்பும் நாளில், ஆயுள் உழைப்பெல்லாம் ரூபாயாக வங்கியில் கிடக்கும். அதற்குப் பிறகு வரும் சரிவெல்லாம் உங்கள் தலையில்தான்!

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இந்த விலை வித்தியாசத்தைக் காட்டித்தான் இன்றும் நம் பிள்ளைகளைக் 'குருவி'யாக்கித் தங்கம் சுமக்க வைக்கிறார்கள். லாபம் எவனுக்கோ, சிறை நம் பிள்ளைக்கு! ரூபாயை வளைகுடாவிலிருந்து விரட்டிய அதே வியாபாரத்துக்கு நாம் கூலியாள் ஆகலாமா?

'இன்று ரேட் என்ன?' என்று கேட்பதை நிறுத்துங்கள். 'என் சம்பளம் எத்தனை ஆண்டுகளாக ஏறவில்லை? எந்தத் தொழில் கற்றால் ஏறும்? அனுப்பும் பணத்தில் ஊரில் எந்தத் தொழில் தொடங்கலாம்?' என்று கேளுங்கள். நாணயத்தின் வீழ்ச்சியை நம்பிப் பிழைக்கும் சமுதாயம், அந்த நாணயத்தோடு சேர்ந்தே விழும்.

சிந்திப்போம்! இன்ஷா அல்லாஹ், செயல்படுவோம்!