பின்னால் வருபவருக்கான விளக்கு

பழைய அம்பாசிடர்களைப் போற்றுவோர் நம்மிடையே பெருகியிருக்கிறார்கள். 2014-இல் உற்பத்தி நின்றபின் அப்பற்று பக்தியாகவே முற்றிவிட்டது. முன்பக்கக் குரோமியம் முகம் பார்க்குமளவு மின்னுகிறது. பின்விளக்கோ நினைத்தால் எரிகிறது. கேட்டால், "பழைய வண்டி, அப்படித்தான்" என்கிறார்கள். இந்தச் சமாதானத்தை நாம் ஏற்பதற்கில்லை.

குற்றம் வண்டியின் வயதில் இல்லை. பின்விளக்குக்கும் பிரேக் விளக்குக்கும் பொதுவாக ஒரே பல்புதான். அதனுள் 5 வாட், 21 வாட் என இரண்டு இழைகள். மின்சாரம் வயர் வழியே வருகிறது. வண்டியின் உடல் தகடு வழியே திரும்புகிறது. விளக்குக்கூடு தகட்டைத் தொடுமிடத்தில் துருவேறினால் திரும்பும் வழி அடைபடும். அப்போது மின்சாரம் அடுத்த இழை வழியே பாதை தேடும். பிரேக்கை மிதித்ததும் பின்விளக்கு மங்குவது பெரும்பாலும் இதனால்தான்.

நம் அன்பர்கள் செய்வதென்ன? பல்பை மாற்றுகிறார்கள். மீண்டும் மங்கினால் எல்இடி பொருத்துகிறார்கள். குறைந்த மின்சாரமே போதுமாதலால் அது சிலகாலம் குறையை மறைக்கும். துரு உள்ளே வளரும். ஏட்டில் செல்லரித்த இடத்தைத் தம் சொந்தச் சொல்லால் நிரப்பும் பதிப்பாசிரியரை நாம் மன்னிப்பதில்லை. இவர்களை மட்டும் மரபின் காவலர் என்பதேன்?

வழி எளிது. விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை ஹோல்டரின் உலோகத்திலும், மறுமுனையைப் பாட்டரியின் எர்த் முனையிலும் வையுங்கள். ஏறக்குறைய சுழியம் காட்ட வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தில்தான் கோளாறு. பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, கூடு தகட்டைத் தொடுமிடங்களையும் ஹோல்டரின் உட்புறத்தையும் உலோகம் தெரியுமாறு உப்புத்தாளால் தேயுங்கள். கூட்டிலிருந்து உடல் தகட்டுக்குத் தனி எர்த் வயர் ஒன்று கொடுங்கள். இணைப்புகளின்மேல் சிறிது வாஸ்லைன் தடவுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.

"ஆண்டுக்குப் பத்து நாள் ஓடும் வண்டிக்கு இவ்வளவா?" என்பார்கள். சென்ற மார்கழியில், விடியுமுன், அப்படியொரு வண்டியின் பின்னால் நாம் இருசக்கர வாகனத்தில் சென்றுகொண்டிருந்தோம். அது திடீரென நின்றது. நிற்கிறது என்று சொல்ல எந்த விளக்கும் எரியவில்லை. முழங்கால் சிராய்ப்போடு தப்பினோம். இறங்கிவந்த உரிமையாளர் முதலில் பார்த்தது தம் பம்பரைத்தான்.

முன்விளக்கு ஓட்டுபவருக்கு, பின்விளக்கு அவர் முகமறியாத ஒருவருக்கு. அடுத்த ஊர்வலத்துக்கு முன், குரோமியம் துடைக்கும் துணியை ஒருநாள் கீழே வைத்துவிட்டு உப்புத்தாளை எடுங்கள்.