தளர்நடைப் பிள்ளையும் தனித்து நிற்கும் தாயும்

“பிள்ளைக்குப் பதினைந்து மாதம் முடிந்துவிட்டதே, இன்னுமா நடக்கவில்லை? எங்கள் பேரன் பதினோராம் மாதத்திலேயே ஓடினான்!”

எங்கள் இல்லத்திற்கு வந்திருந்த உறவுக்காரப் பெண்மணி ஒருவர் என் மகளை நோக்கி இவ்வாறு கேட்டார். கேட்டவரின் உள்ளத்தில் தீய எண்ணம் ஏதுமில்லை. எனினும், அச்சொல் செவியில் விழுந்ததும் என் மகள் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அடுக்களைக்குள் சென்றுவிட்டாள். சற்று நேரத்தில் அவள் விம்மும் ஓசை கேட்டது. நடக்காதவன் பிள்ளை, குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டவளோ தாய்!

அன்றிரவு என் மனைவியிடம், “நம் மகள் எத்தனையாவது மாதத்தில் நடந்தாள்?” என்று வினவினேன். “பதினான்காம் மாதம். திண்ணைத் தூணைப் பிடித்து நின்றவள், கையை விட்டுவிட்டு மூன்று எட்டு வைத்தாள். நீங்கள் அப்போது மதரஸாவில் இருந்தீர்கள். விடுமுறையில் வந்தபோது சொன்னேன், மறந்துவிட்டீர்கள்” என்றாள். குறை கூறும் குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. ஆயினும், அந்த விடை என்னை உறங்கவிடவில்லை. தாய்மையின் சிறப்பைப் பற்றி முப்பதாண்டுகளாக ஜும்ஆ மேடைகளில் பேசி வருபவன் நான். தாயின் காலடியில் சுவனம் உண்டு என்னும் கருத்தை எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அந்தக் கால்கள் அடுக்களைக்கும் தொட்டிலுக்கும் இடையே ஒரு நாளில் எத்தனை முறை நடக்கின்றன என்பதை மட்டும் நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

என் மருமகன் வளைகுடா நாடொன்றில் பணிபுரிகிறார். ஆதலால் மகள் சில மாதங்களாக எங்களுடன் தங்கியிருக்கிறாள். அவளுடைய ஒரு நாளை அருகிருந்து கண்டேன். நள்ளிரவில் இருமுறை எழுந்து பாலூட்டுகிறாள். பஜ்ருக்குப் பாங்கு சொல்லும்போது பிள்ளையும் விழித்துக்கொள்கிறான். காலைக் கஞ்சியைப் பாதி உண்கிறான். மீதியைத் தலையில் பூசிக்கொள்கிறான். தண்ணீர் வாளியை நோக்கித் தவழ்கிறான். கீழே கிடக்கும் புளியங்கொட்டையை வாயிலிட்டுக்கொள்கிறான். கட்டிலைப் பிடித்து எழுகிறான், விழுகிறான், அழுகிறான், மீண்டும் எழுகிறான். ஒவ்வொரு முறையும் அவள் ஓடுகிறாள். லுஹர் தொழ நின்றால், தொழுகைத் துப்பட்டியைப் பிடித்து இழுக்கிறான். “மனம் ஒன்றித் தொழுது ஒன்றரை ஆண்டு ஆகிறது அத்தா, அல்லாஹ் ஏற்றுக்கொள்வானா?” என்று ஒருநாள் என்னிடம் கேட்டாள்.

ஒரு ஆலிமிடம் கேட்கப்பட்ட அக்கேள்விக்கு ஹதீஸிலேயே விடையுண்டு. பெருமானார் (ஸல்) அவர்கள், தம் மகளார் ஜைனப் (ரலி) அவர்கள் ஈன்ற உமாமா என்னும் சிறுமியைச் சுமந்தவண்ணம் தொழுகை நடத்தியிருக்கிறார்கள். ஸுஜூது செய்யும்போது குழந்தையை இறக்கி வைத்தார்கள்; எழும்போது மீண்டும் ஏந்திக்கொண்டார்கள். பள்ளிவாசலில் குழந்தையின் அழுகுரல் கேட்டால், தாயின் மனம் தவிக்குமே என்று கருதித் தொழுகையைச் சுருக்கிக்கொண்டார்கள். இவ்விரண்டும் புகாரியில் பதிவான செய்திகள். பிள்ளை துப்பட்டியை இழுக்கும் தொழுகையை இறைவன் தள்ளிவிடுவான் என்று எந்தத் தாயும் அஞ்ச வேண்டியதில்லை.

தாய் சுமக்கும் பாரத்தைத் திருமறையும் எடுத்துரைக்கிறது. பலவீனத்தின் மேல் பலவீனமாக அவள் சுமந்ததையும், பால்குடி மறக்கடிக்கும் இரண்டாண்டுக் காலத்தையும் லுக்மான் அத்தியாயம் (31:14) நினைவூட்டுகிறது. பகரா அத்தியாயமோ (2:233) இன்னும் தெளிவாகப் பேசுகிறது. பாலூட்டும் தாய்க்கு உணவும் உடையும் அளிப்பது தந்தையின் கடமை. பிள்ளையை முன்னிட்டுத் தாய்க்குத் துன்பம் நேரக்கூடாது. இரண்டாண்டுக்கு முன்பே பாலை நிறுத்துவதாயினும் இருவரும் கலந்து பேசி, மனம் ஒப்பியே செய்தல் வேண்டும். பால் மறக்கடிப்பதில்கூடத் தந்தைக்குப் பங்கு உண்டு என்று இறைவன் கூறியிருக்க, பிள்ளை வளர்ப்பைப் பெண்ணின் வேலை என்று ஒதுக்கிவிடுவது எவ்வாறு பொருந்தும்?

இனி, நடை தாமதமாகிறது என்னும் கவலையைப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டது. நலமாக வளரும் குழந்தைகள் துணையின்றி நடக்கத் தொடங்கும் காலம், 8 மாதம் கடந்ததிலிருந்து ஏறத்தாழ 17½ மாதம் வரை பரந்திருப்பதை அது காட்டியது. நூற்றுக்கு நான்கு குழந்தைகள் அளவில் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலேயே நடக்கத் தொடங்கியதையும் அது கண்டது. பதினோராம் மாதத்தில் ஓடியவனும் பதினாறாம் மாதத்தில் எட்டு வைப்பவனும் இறைவனின் படைப்பில் ஒரே வரம்புக்குள்தான் நிற்கிறார்கள்.

நம் தமிழ் முன்னோரும் குழந்தையின் வளர்ச்சியைப் பருவங்களாகப் பகுத்துப் பிள்ளைத்தமிழ் பாடினர். ஐந்தாம் மாதத்தில் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, ஒன்பதாம் மாதத்தில் கைகொட்டும் சப்பாணி, பதின்மூன்றாம் மாதத்தில் தளர்நடையிட்டு வரும் வருகை என்று அவை அமையும். செய்யிது அனபிய்யாப் புலவர் 19ஆம் நூற்றாண்டில் நபிகள் நாயகத்தின் மீதே பிள்ளைத்தமிழ் பாடினார். அப்பருவங்களை அவர்கள் வகுத்தது கண்டு மகிழ்வதற்காக. நாமோ அவற்றைத் தராசுக் கற்களாக்கித் தாயை நிறுத்துக்கொண்டிருக்கிறோம்.

எனினும், ஒன்றை மறைத்தல் ஆகாது. பதினெட்டு மாதம் நிறைந்தும் பிள்ளை நடக்கவில்லை என்றாலும், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை என்றாலும், இரண்டு வயதிலும் சொற்கள் வரவில்லை என்றாலும், முன்பு செய்துவந்ததை மறந்துவிட்டது என்றாலும் மருத்துவரிடம் காட்டுவதே முறை. “இவன் தகப்பனும் தாமதமாகத்தான் பேசினான்” என்று சொல்லிக் காலம் கடத்துவதும், ஊரார் என்ன சொல்வார்களோ என்று மறைப்பதும் பிள்ளைக்கு இழைக்கும் தீங்கு. வளர்ச்சித் தாமதத்தைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து பயிற்சி அளிக்கும் மையங்கள், 2013ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் அமைக்கப்பட்டுள்ளன. துஆவும் வேண்டும்; மருத்துவமும் வேண்டும். நோய்க்கு மருந்து தேடுமாறு பணித்தவர்கள் நம் நபியன்றோ! அந்த மருத்துவமனைக்குப் போகும்போது தாயைத் தனியே அனுப்பாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

கலீபா உமர் (ரலி) அவர்களின் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றை இப்னு ஸஅத் பதிவு செய்துள்ளார். மதீனாவுக்கு வெளியே ஒரு வணிகக் கூட்டம் தங்கியிருந்தது. அவர்களுக்குக் காவலாக உமர் (ரலி) அவர்களும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் இரவு விழித்திருந்தனர். ஒரு குழந்தை அழுதது. உமர் (ரலி) அவர்கள் சென்று, பிள்ளையை நன்கு கவனிக்குமாறு தாயிடம் கூறித் திரும்பினார்கள். மீண்டும் அழுதது, மீண்டும் கூறினார்கள். மூன்றாம் முறை, நீ நல்ல தாயாகத் தெரியவில்லையே என்று கடிந்துகொண்டார்கள். பேசுபவர் யாரென்று அறியாத அப்பெண்மணி, பால்குடி மறந்த பிள்ளைகளுக்கு மட்டுமே உமர் உதவித்தொகை தருகிறார், அதனால்தான் காலத்திற்கு முன்பே பாலை மறக்கடிக்கப் போராடுகிறேன் என்றார். அன்று பஜ்ர் தொழுகையில் உமர் (ரலி) அவர்கள் அழுத அழுகையில், ஓதியது என்னவென்று பின்னால் நின்றவர்களுக்கு விளங்கவில்லை. தொழுகை முடிந்ததும் தம்மையே நொந்துகொண்டார்கள். பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் உதவித்தொகை உண்டு என்று அறிவிக்கச் செய்தார்கள்.

தாயைக் குறை கூறியவர், குறை தம் சட்டத்தில் இருப்பதைக் கண்டு அதனைத் திருத்தினார். பிள்ளை அழுகிறதே, மெலிந்திருக்கிறதே, நடக்கவில்லையே என்று தாயிடம் கேட்கும் நாம், அவள் உறங்கினாளா, உண்டாளா, ஒரு நாழிகையேனும் ஓய்ந்து அமர்ந்தாளா என்று கேட்டோமா?

கடல் கடந்து உழைக்கும் இளைஞர்களே! தொலைபேசியை எடுத்ததும் “பையன் நடந்துவிட்டானா?” என்று கேட்குமுன், “நீ எப்படி இருக்கிறாய்?” என்று கேளுங்கள். இல்லத்தில் இருக்கும் ஆண்களே! நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாருக்குப் பணி செய்துகொண்டிருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியதை அறிவீர்கள். மஃரிபுக்குப் பின் ஒரு மணி நேரம் பிள்ளையை வாங்கிக்கொள்ளுங்கள். மூத்த பெண்மக்களே! அடுத்த வீட்டுப் பிள்ளையின் கணக்கை உங்கள் மருமகளிடம் ஒப்பிக்காதீர்கள்.

ஒருநாள் பெருமானார் (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்று உரையாற்றிக்கொண்டிருந்தார்கள். பேரர்கள் ஹஸன் (ரலி), ஹுஸைன் (ரலி) இருவரும் சிவப்புச் சட்டை அணிந்து, நடப்பதும் இடறி விழுவதுமாக வந்தனர். அதைக் கண்ட அண்ணலார் உரையை நிறுத்தி, மிம்பரிலிருந்து இறங்கிச் சென்று இருவரையும் தூக்கி வந்தார்கள். இதனைத் திர்மிதியிலும் அபூதாவூதிலும் காணலாம். இந்த ஹதீஸை நான் பலமுறை மிம்பரில் நின்று சொல்லியிருக்கிறேன், இறங்கியதில்லை.

என் பேரன் இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறான். இப்போதெல்லாம் அஸர் தொழுதுவிட்டு வந்ததும் அவனை நான் வாங்கிக்கொள்கிறேன். அவன் தாய் அந்த நேரத்தில் சற்றே கண்ணயர்கிறாள்.

தளர்நடை பயிலும் பிள்ளைகளையும், அவர்களைத் தாங்கும் தாய்மார்களையும் தாங்கி நிற்கும் வலிமையை நம் அனைவருக்கும் எல்லாம் வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.